கல்லிலும் திரையிலும் ஒரு மார்க்: லேபிள் ஓவியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், விருதுநகர், கோவில்பட்டி வட்டார அச்சகங்களில் லேபிள் வரையும் ஓவியர்களுக்கும், டிசைனர்களுக்கும், அச்சக உரிமையாளர்களுக்கும்



தொலைக்காட்சி நிகழ்ச்சி முடிந்ததும் மூன்று நான்கு வினாடிகள் தோன்றி, அந்தப் படச்சுருள் யாருக்குச் சொந்தம் என்று சொல்லிவிட்டு மறைவது தயாரிப்பு நிறுவனத்தின் சின்னம். திரையில் அசைந்தாலும் அது பிறந்த இடம் காகிதம். துணிக்கட்டில் ஒட்டிய டிக்கெட், தீப்பெட்டி லேபிள், இசைத்தட்டின் நடுவட்டம், சுவரொட்டி ஆகியவற்றை வரைந்தவர்களும் அச்சிட்டவர்களும் பழக்கிவைத்த கலையைத்தான் சினிமாவும் பிறகு தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டன. திரைச் சின்னங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நியூயார்க்கில் தொடங்கி லண்டனில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரலாற்றின் முதல் அத்தியாயத்தில் சிவகாசி போன்ற ஊர்களுக்கும் இடம் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிக்கட்டுகளில் பலநிற டிக்கெட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. கடவுளர், யானை, புலி, ராஜா, ராணி எனப் படங்கள் மாறும், நோக்கம் ஒன்றுதான். எழுத்துப் படிக்கத் தெரியாத வாங்குபவர், போன முறை வாங்கிய அதே துணியை அடுத்த முறையும் கேட்டு வாங்க வேண்டும். சுவீடன், ஆஸ்திரியா, ஜப்பான் நாடுகளின் தீப்பெட்டிகளும் இதே வழியில் வந்தன. இந்தியச் சந்தைக்கென்றே இந்துக் கடவுளரின் உருவங்களை அந்த நாட்டு அச்சகங்கள் லேபிள்களில் அச்சிட்டு அனுப்பின. 1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி விதிக்கப்பட்டதும் உள்நாட்டுத் தொழிலுக்கு வாசல் திறந்தது. அதே ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923இல் ஊர் திரும்பி உற்பத்தியைத் தொடங்கினார்கள்.

மழை குறைந்த, கரிசல் காய்ந்த இந்த வட்டாரத்துக்குத் தீப்பெட்டித் தொழில் பொருந்தியதன் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. அதோடு சேர்ந்தே வந்த இன்னொரு தேவை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு லேபிள் வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மார்க் வேண்டும். லேபிள்களை வெளியூரில் அடித்து வரவழைப்பது கட்டுப்படியாகாமல், 1920களின் இறுதியிலிருந்து லித்தோ எந்திரங்கள் சிவகாசிக்கே வரத் தொடங்கின. சிவகாசியின் அச்சுத்தொழில் தீப்பெட்டியின் முதுகில் ஒட்டப்பட்ட காகிதத்திலிருந்து வளர்ந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமமுறை ஏற்பட்டதும், போர்க்காலத்தில் இறக்குமதி நின்றதும் பட்டாசுத் தொழிலை ஊன்றச் செய்தன. பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அதுவும் தீப்பெட்டியை விடப் பெரிதாக, பகட்டாக, கடையில் தொங்கும்போதே கண்ணை இழுப்பதாக.

லித்தோ கல்லில் மார்க் வரைவது கடினமான கலை. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் குவாரிகளில் கிடைக்கும் வழுவழுப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த மையால் ஓவியர் நேரடியாக வரைவார். நீரும் எண்ணெயும் ஒட்டாது என்பதே இதன் அடிப்படை. ஈரம் கொண்ட கல் மையைத் தள்ளிவிடும். கொழுப்புக் கோடு மையை ஏற்றுக்கொள்ளும். அலோய்ஸ் செனஃபெல்டர் 1790களின் பிற்பகுதியில் ஜெர்மனியில் கண்டறிந்த முறை இது. எழுத்தையும் உருவத்தையும் இடவலமாகத் திருப்பி வரைய வேண்டும். மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என நிறத்துக்கொரு கல் வேண்டும். எந்த நிறம் எந்த நிறத்தின்மேல் எவ்வளவு விழும் என்பதை ஓவியர் கண்ணாலேயே பிரித்துப் புள்ளி வைப்பார். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ரிஜிஸ்டர் ஒரு மயிரிழை தவறினாலும் அணிலின் கண் அதன் காதுக்குப் போய்விடும். இரண்டு அங்குல அகலம் கூட இல்லாத லேபிளில், மூன்றடி தூரத்திலிருந்து பார்த்தாலும் இன்ன மார்க் என்று தெரிய வேண்டும். இந்தக் கட்டாயம் கோட்டைத் தடிமனாக்கியது, பின்னணியைக் குறைத்தது, ஒரே உருவத்தை நடுவில் நிறுத்தியது.

அணில், காக்கா ஆகிய மார்க்குகள் சிவகாசியின் முன்னோடிக் குடும்பங்கள் இரண்டின் அடையாளமாகவே ஊர்ப்பேச்சில் நின்றுவிட்டன. காளீஸ்வரி பட்டாசு சேவல் மார்க்கால் அறியப்பட்டது. ‘லட்சுமி வெடி’, ‘குருவி வெடி’ என்று தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்படும் பெயர்கள் உறையில் அச்சான படத்திலிருந்து வந்தவை. அவை எந்தக் கம்பெனியையும் குறிக்காமல் வெடியின் வகையையே குறிக்கும் சொற்களாக மாறிவிட்டன. ஓர் ஓவியர் வரைந்த படம் ஒரு பொருளின் பெயரையே தீர்மானித்தது என்பது எந்தத் திரைச் சின்னத்துக்கும் கிட்டாத வெற்றி. லட்சுமியின் உருவம் தெருவில் சிதறி மிதிபடக் கூடாது என்ற குரல் தீபாவளிதோறும் எழுவதும் அந்தப் படத்தின் வலிமையைத்தான் காட்டுகிறது.

மார்க் சொத்தானதும் சட்டமும் வந்தது. இந்தியாவின் முதல் வணிகச் சின்னச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டு 1942இல் நடைமுறைக்கு வந்தது. 1958இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டு மார்க்குகள் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கின்றனவா என்று எப்படி முடிவு செய்வது? அம்ருத்தாரா வழக்கில் 1962இல் உச்ச நீதிமன்றம் கைக்கொண்ட அளவுகோல் எளியது: சராசரி அறிவும் அரைகுறை நினைவும் உள்ள ஒருவரின் மனத்தில் அவை எப்படிப் பதிகின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வாய்ப்பு வாங்குபவருக்குக் கிடைப்பதில்லை. லேபிள் ஓவியர் சட்டம் பிறப்பதற்கு முன்பே இதை அறிந்திருந்தார். சில வினாடிகள் மட்டும் தெரியும் திரைச் சின்னத்துக்கும் அரைகுறை நினைவே களம்.

காகிதத்திலிருந்து திரைக்குச் சின்னம் தாவிய கதை தமிழ்நாட்டில் தெளிவாகத் தெரிகிறது. தமிழ்ப் படவுலகில் வலுவான சின்னங்களை நிறுவியவர்கள் படம் எடுக்க வரும் முன் என்ன தொழில் செய்தார்கள் என்று பார்த்தாலே போதும். எஸ்.எஸ். வாசன் ஆனந்த விகடன் இதழை 1928இல் வாங்கி வளர்த்தவர். விளம்பரத்தின் சூட்சுமம் அறிந்தவர். 1940களின் தொடக்கத்தில் அவர் எடுத்து நடத்திய ஸ்டூடியோ ஜெமினி என்று பெயர் பெற்றது. அதன் சின்னமாக ஊதுகுழல் ஊதும் இரட்டைச் சிறுவர்கள் வந்தார்கள். 1948இல் ‘சந்திரலேகா’ இந்தியில் வடநாடெங்கும் ஓடியபோது அந்தச் சிறுவர்களும் கூடவே போனார்கள். தமிழ் தெரியாத, வாசனின் பெயரையே கேள்விப்படாத பார்வையாளருக்கு அந்த இரட்டையர் மட்டும் நினைவில் நின்றார்கள். ஸ்டூடியோ நின்ற இடத்தருகே 1973இல் கட்டிய மேம்பாலம் அண்ணா பெயரில் திறக்கப்பட்டும், சென்னைவாசிகள் இன்றுவரை ஜெமினி பாலம் என்றே சொல்கிறார்கள்.

பி. நாகிரெட்டி அச்சகக்காரர். அவரது பி.என்.கே. அச்சகத்திலிருந்து 1947இல் ‘சந்தமாமா’வும் தமிழில் ‘அம்புலிமாமா’வும் வெளிவந்தன. பலநிற அச்சில் அந்த அச்சகம் எட்டிய தரத்தைச் சிவகாசியின் பழைய தலைமுறை நன்றாக அறியும். சக்கரபாணியுடன் சேர்ந்து அவர் நடத்திய விஜயா புரொடக்‌ஷன்ஸ் படங்கள் அனுமன் பொறித்த கொடியோடு தொடங்கும். ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு வணிகத்திலிருந்து வந்தவர். அவரது சரஸ்வதி ஸ்டோர்ஸ் விற்ற பொருளின் முகமே தட்டின் நடுவில் ஒட்டிய வட்ட லேபிள்தான். இசைத்தட்டு உலகில் படிப்பறிவு இல்லாதவரும் அடையாளம் கண்ட படம், குழாய் முன் காது கொடுத்து அமர்ந்த நாய். அத்தகைய ஒரு துறையில் பழகியவருக்கு ஏ.வி.எம். என்ற மூன்றெழுத்தின் மதிப்பு புரியாமல் இருக்காது.

எம்.ஜி.ஆர். 1958இல் ‘நாடோடி மன்னன்’ எடுத்தபோது எம்ஜியார் பிக்சர்ஸ் சின்னத்தில் ஆணும் பெண்ணும் கட்சிக்கொடியைப் பிடித்து நின்றார்கள். கம்பெனி மார்க் கொள்கை விளக்கமாகவும் ஆன தருணம் அது. பம்பாயில் மெஹபூப் கான் அரிவாள் சுத்தியலைத் தம் சின்னத்தில் வைத்திருந்தார். ‘பர்சாத்’ (1949) படத்தின் ஒரு காட்சியிலிருந்தே ஆர்.கே. பிலிம்ஸின் வயலின் ஏந்திய சின்னம் உருவானது. வெளிநாட்டில் 1924 முதல் எம்.ஜி.எம். சிங்கம், 1935 முதல் ராங்க் நிறுவனத்தின் சேகண்டி அடிக்கும் மல்லர். அந்தச் சேகண்டி காகிதக் கூழில் செய்தது. காதில் விழுந்த ஓசை தனியாக வாசித்துப் பதிவுசெய்தது. சின்னத்துக்கு உருவம் மட்டும் போதாது, ஓசையும் வேண்டும் என்பது சினிமா சேர்த்த புதுப்பாடம். இந்த ஒன்று மட்டும் லேபிளுக்கு எட்டாதது.

தொலைக்காட்சிக்கு வரும்போது ஆட்டம் மாறுகிறது. தொடக்கத்தில் அமெரிக்க நிகழ்ச்சிகள் நேரலையாகவே நடந்தன. காற்றில் போய்விடும் நிகழ்ச்சிக்கு உரிமையாளர் சின்னம் எதற்கு? நிலையத்தின் பெயரும், செலவை ஏற்ற சோப்பு, சிகரெட் கம்பெனியின் பெயரும் இருந்தால் போதும். 1940களின் கடைசியிலும் 1950களின் தொடக்கத்திலும் நிகழ்ச்சிகளைப் படச்சுருளில் எடுத்து ஊர் ஊராக நிலையங்களுக்கு விற்கும் வணிகம் வளர்ந்தது. ஃபிரெடரிக் ஸிவ் தொடங்கிய ஸிவ் நிறுவனம், கொலம்பியா பிக்சர்ஸின் கிளையான ஸ்கிரீன் ஜெம்ஸ், லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் தங்கள் பெயர்களைச் சேர்த்து அமைத்த டெசிலு ஆகியவை அதில் முன்னே நின்றன. 1951 அக்டோபர் 15இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’யை மூன்று காமிராக்கள் கொண்டு 35 மி.மீ. படச்சுருளில் எடுத்தார்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகப் படச்சுருளின் உரிமையைத் தம்பதியர் தம்மிடமே வைத்துக்கொண்டார்கள். மறு ஒளிபரப்பில் வந்த பணம் அந்த முடிவின் மதிப்பைக் காட்டியது. உரிமை இருந்ததால் சின்னம் தேவைப்பட்டது. தீப்பெட்டிக் கம்பெனி தன் மார்க்கைப் பதிவு செய்ததும் இதே காரணத்தால்தான்.

அந்தச் சின்னங்களை வரைந்தவர்களும் அச்சுலகத்தினரே. சி.பி.எஸ். நிறுவனத்தின் கண் சின்னத்தை 1951இல் வடிவமைத்த வில்லியம் கோல்டன் அச்சு விளம்பரக் கலைஞர். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகள் கண்ணேறு படாமலிருக்கத் தம் களஞ்சியங்களில் தீட்டிய வட்ட ஓவியங்கள் அவருக்குத் தூண்டுதல் என்பார்கள். நம் ஊரில் புதுவீட்டின் முகப்பில் கட்டும் திருஷ்டிப் பொம்மை செய்யும் வேலைதான் அது. கறுப்பு வெள்ளையில், 525 கோடுகள் மட்டுமே கொண்ட சின்னத் திரையில், மங்கலான பெட்டியிலும் கலங்காமல் தெரிந்ததால் அந்தக் கண் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் நிற்கிறது.

பிரிட்டனில் பி.பி.சி.யின் முதல் அசையும் சின்னத்தை 1953இல் செய்தவர் ஏப்ரம் கேம்ஸ். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் சுவரொட்டி வரைந்தவர் அவர். கணினி இல்லாத காலத்தில் அவர் கம்பியும் உலோகத் துண்டுகளும் விளக்கும் கொண்டு ஒரு சிறு எந்திரத்தையே கட்டினார். இரு இறக்கைகள் போன்ற உருவத்தின் நடுவில் கண் போன்ற ஒன்று சுழலும், அதைப் படம்பிடித்தார்கள். படம் எடுத்து முடித்த சிறிது நேரத்திலேயே எந்திரம் பழுதாகிவிட்டது. படச்சுருள் மட்டும் மிஞ்சியது. பிரிட்டனின் திரையில் 405 கோடுகளே இருந்தன. அந்தக் கோடுகளுக்குள் நிற்கும் உருவத்தை வரைய, சுவரொட்டியில் தேவையற்றதை நீக்கிப் பழகிய கை வேண்டியிருந்தது.

1956இல் வந்த என்.பி.சி. மயிலின் கதை வேறு. அதன் தாய்க் கம்பெனியான ஆர்.சி.ஏ. வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றது. வீட்டில் கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவருக்கு, தாம் எதை இழக்கிறோம் என்று காட்ட வேண்டும். ஜான் கிரஹாம் வடிவமைத்த பதினோரு இறகு மயில் அந்த வேலையைச் செய்தது. பட்டாசுப் பெட்டியின் மேலட்டையில் வானில் பூத்த வண்ணங்களைத் தீட்டும் ஓவியருக்கு இந்தத் தந்திரத்தை விளக்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் வெடி சாம்பல் நிறக் காகிதச் சுருள். அது தரப்போகும் வண்ணத்தை மேலட்டைதான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

தயாரிப்பு நிறுவனங்களில் இரண்டைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ‘டிராக்நெட்’ எடுத்த ஜாக் வெப்பின் மார்க் செவன் நிறுவனம், ஒரு கை உளிமுத்திரையைப் பிடித்திருக்க இன்னொரு கை சுத்தியலால் இரண்டு முறை அடித்துப் பெயரைப் பதிப்பதைக் காட்டியது. தயாரிப்பாளர் தம் சரக்கில் முத்திரை குத்துவதை இதை விட நேராகச் சொல்ல முடியாது. இன்னொன்று மேரி டைலர் மூர் நடத்திய எம்.டி.எம். 1970இல் அவர்கள் எம்.ஜி.எம். சிங்கத்தின் இடத்தில் ஒரு பூனைக்குட்டியை வைத்தார்கள். குட்டி கொட்டாவி விட்டதைப் படமாக்கி, அதைப் பின்னோக்கி ஓட்டி, மியாவ் என்று ஒலி சேர்த்தார்கள். சின்னத் திரைக்குச் சின்னச் சிங்கம்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் தில்லியில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சென்னை நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் வந்தது. 1976 ஏப்ரல் 1 வரை தொலைக்காட்சி, அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவே. வானொலிக்கு 1930களில் வால்டர் காஃப்மன் அமைத்த அடையாள இசை இருந்தது. காட்சிக்குச் சின்னம் தேவைப்பட்டது. பிரிந்து தூர்தர்ஷன் தனியாக நின்ற நாளில் திரையில் வந்த கண், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர் தேபாசிஷ் பட்டாச்சாரியா வரைந்தது. ஆசிரியர் விகாஸ் சத்வலேகரிடம் பயிற்சியாகத் தந்த வரைவு, மாணவரும் ஆசிரியரும் அளித்த பலவற்றிலிருந்து இந்திரா காந்தியால் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு வட்டம், அதைச் சுற்றி இரண்டு வளைகோடுகள். அவ்வளவே. அதே நிறுவனத்தின் ஆர்.எல். மிஸ்திரி, வரைவின் பிரதிகளைச் சுழற்றிச் சுழற்றிக் காமிராவில் பிடித்து, சிதறிய வடிவங்கள் கூடிக் கண்ணாவதுபோல் அசைவு கொடுத்தார். பண்டிட் ரவிசங்கரும் ஷெனாய் கலைஞர் அலி அகமது உசேன் கானும் இசையமைத்தார்கள்.

அந்த அசைவின் செய்முறையை லித்தோ தெரிந்தவர் உடனே புரிந்துகொள்வார். ஒரே மூல வரைவு. அதன் பல பிரதிகள். ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் பொருந்த வேண்டும். அச்சகத்தில் இது ரிஜிஸ்டர், காமிரா மேசையில் இது அனிமேஷன். நிறம் நிறமாக அடுக்கினால் லேபிள். கணம் கணமாக அடுக்கினால் அசையும் சின்னம்.

விருதுநகர் வட்டாரத்துக்கு இந்தக் கண் உடனே வந்து சேரவில்லை. சென்னைக் கோபுரத்தின் வீச்சு இவ்வளவு தூரம் எட்டாது. தென்மாவட்டங்களில் உயரமான ஆன்டெனா வைத்தவர்கள் 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைத்தான் முதலில் பார்த்தார்கள். கொடைக்கானல் மலைமேல் உயர்சக்தி ஒளிபரப்பி வந்த பிறகே தூர்தர்ஷன் இங்கு வீட்டுச் சரக்கானது. 1984 ஜூலை 7இல் ‘ஹம் லோக்’ தொடங்கியதும் விளம்பரதாரர் செலவில் தனியார் தயாரிப்பு என்ற முறை வேரூன்றியது. 1987இல் ‘ராமாயண்’, 1988இல் ‘மகாபாரத்’. சாகர், பி.ஆர். ஆகிய படக் கம்பெனிப் பெயர்கள் ஞாயிறு காலைகளில் கூடத்துக்குள் வந்தன. அமெரிக்காவில் 1951இல் நடந்ததே இங்கும் நடந்தது: நிலையத்தின் சின்னத்துக்குப் பக்கத்தில் தயாரிப்பாளரின் சின்னம் முளைத்தது.

தமிழில் சினிமாவின் மார்க்குகளே தொலைக்காட்சிக்கு வழிகாட்டின. கே. பாலசந்தரின் கவிதாலயா, ‘நெற்றிக்கண்’ வந்த 1981 முதல், வள்ளுவர் உருவமும் முதற்குறளின் ஓசையும் கொண்டு தன்னை அறிமுகம் செய்துகொண்டது. தொடர்களுக்காக அவர் தனியே மின்பிம்பங்களை நடத்தினார். 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியதும் தொடர்த் தயாரிப்பு ஒரு தொழிலாகவே ஆனது. 1994இல் ராதிகாவின் ராடான், 1999இல் அதன் ‘சித்தி’. இக்காலச் சின்னங்கள் கணினியில் பிறந்தவை. உலோகம்போல் மின்னும் எழுத்து, சுழலும் பூமி, பாயும் ஒளிக்கதிர் என்று எல்லாவற்றையும் செய்ய முடிந்ததால் எல்லாவற்றையும் செய்தார்கள். 1990களின் தமிழ்த் தயாரிப்பு நிறுவனச் சின்னங்களில் பெரும்பாலானவை நினைவில் நிற்காததற்குக் காரணம் இதுவே. அதே ஆண்டுகளில் சிவகாசியிலும் கோரல் டிராவும் போட்டோஷாப்பும் வந்து, லேபிளில் பின்னணி பெருத்து நடு உருவம் சிறுத்தது. நுட்பம் வளர்ந்தபோது இரு துறைகளும் ஒரே விதமாகத்தான் தடுமாறின.

ஓவியர்களின் வரலாற்றையும் இங்கே சொல்ல வேண்டும். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டியபடி ஊர் ஊராகச் சுற்றி, கம்பெனி கலைந்ததும் 1940களில் கோவில்பட்டியில் தங்கினார். அவரும் அவரது சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாக அச்சாகி இந்தியாவெங்கும் சுவர்களில் தொங்கின. நாடக மேடையின் திரைச்சீலை, காலண்டர், லேபிள், சினிமா சுவரொட்டி எல்லாம் அந்த வட்டாரத்தில் ஒரே கலைக்குடும்பத்தின் கிளைகளாக இருந்தன. பின்னாளில் திரை நட்சத்திரங்களும் தொலைக்காட்சித் தொடர்ப் பாத்திரங்களும் பட்டாசுப் பெட்டிகளின்மேல் ஏறியபோது, திரை காகிதத்திடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது என்று சொல்லலாம்.

இவ்வளவுக்கும் சான்று எங்கே என்பதே கவலை தரும் கேள்வி. லித்தோ கல் விலை உயர்ந்தது. ஒரு வேலை முடிந்ததும் கல்லை மணல் போட்டுத் தேய்த்து, பழைய படத்தை அழித்து, அடுத்த படத்தை வரைவார்கள். ஆப்செட் பிளேட்டும் எடைக்குப் போகும். தொலைக்காட்சியிலும் அதுவே நடந்தது. 1960களிலும் 70களிலும் வீடியோ நாடா விலை உயர்ந்தது, பி.பி.சி. உட்படப் பல நிலையங்கள் பழைய நிகழ்ச்சியை அழித்து அதே நாடாவில் புதியதைப் பதிந்தன. மறு ஒளிபரப்பின்போது தொடக்கச் சின்னத்தை வெட்டிவிட்டுப் புதிய உரிமையாளர் தம் சின்னத்தை ஒட்டுவதும் வழக்கம். உள்ளடக்கம் தப்பினாலும் சின்னம் தப்புவதில்லை. வெளிநாட்டில் பழைய திரைச் சின்னங்களைத் தேடித் தேடித் தொகுப்பவர்கள் உண்டு. தீப்பெட்டி லேபிள் சேகரிப்போர் உலகெங்கும் உண்டு. தமிழ்ப் படங்களின் பழைய பிரதிகளில் எஞ்சிய தலைப்புகளுக்குப் புனேயில் 1964இல் அமைந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஓர் இருப்பிடம். காகிதச் சான்றுகளுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; கோட்டையூரில் அந்தத் தொகுப்பைச் சேர்த்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. நூல், இதழ்களோடு நாடக நோட்டீஸையும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் அவர் எடுத்து வைத்ததால்தான் அவற்றைப் பற்றி இன்று எழுத முடிகிறது.

சிவகாசி வட்டார அச்சகங்களில் மாதிரி ஆல்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஏஜென்ட்டுகளிடம் காட்டுவதற்காக ஒட்டி வைத்த லேபிள்கள், வெட்டாத முழுத் தாள்கள், நிறம் நிறமாக எடுத்த புரூஃப்கள், ஓவியர் கையால் தீட்டிய மூலப்படங்கள் அவற்றில் கிடைக்கும். கட்டடம் மாறும்போதும் பாகப்பிரிவினையின்போதும் முதலில் கழிவது இவைதான். ஒவ்வொரு லேபிளின் பின்னாலும் ஐந்து செய்திகளை எழுதி வைத்தால் போதும்: அச்சான ஆண்டு, வரைந்தவர் பெயர், கல்லா பிளேட்டா, எத்தனை நிறம், எந்தக் கம்பெனிக்காக. இவற்றுள் வரைந்தவர் பெயரே மிக அவசரமானது. கோல்டன், கேம்ஸ், பட்டாச்சாரியா ஆகியோர் பெயர்கள் பதிவாகிவிட்டன. சிவகாசியின் மார்க்குகளை வரைந்தவர்களில் பெரும்பாலோர் பெயர், உடன் வேலை செய்த மூத்தவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். முழுத் தாள்களை மடிக்காமல், அமிலமற்ற தாள்களுக்கு இடையே வைத்து, ஸ்கேன் செய்த படி ஒன்றை நூலகத்துக்குக் கொடுத்தால் மூலம் அச்சகத்திலேயே இருக்கலாம்.

இவண்,
அச்சு வரலாற்றில் அக்கறை கொண்ட ஒரு வாசகர்